ஜேர்மன் அச்சும் நம் ஏடுகளும்

தமிழிலக்கிய வரலாறு கற்கும் மாணவர்க்கு எத்தனை மொழிகள் தெரிந்திருத்தல் வேண்டும் என்ற வினா எழும்போதெல்லாம் நம்மவர் கூறும் விடை ஏறக்குறைய ஒன்றே. தமிழ் வேண்டும், வடமொழி ஓரளவு வேண்டும், ஆராய்ச்சி நூல்களைப் படிப்பதற்கு ஆங்கிலம் வேண்டும். இம்மூன்றோடு நான்காவதாக ஜேர்மன் மொழியையும் வைத்தல் வேண்டும் என்று நான் கூறினால், பண்டிதர் ஏதோ புதுமை பேசப் புறப்பட்டுவிட்டார் என்று சிலர் நகைத்தல் கூடும். நகைக்கட்டும். தமிழரின் வரலாற்றில் ஒரு பகுதி ஜேர்மன் எழுத்திலேயே அச்சேறிக் கிடக்கின்றது. அதனை அறியாதார் தம் வீட்டுப் பொருளின் ஒரு பங்கு அயல்வீட்டில் இருப்பதை அறியாதாரே ஆவர். இது என் துணிபு. இத்துணிபுக்குரிய காரணங்களையும், அதிலிருந்து மட்டக்களப்பு வாவியின் இரு கரையினரும் கற்கவேண்டிய பாடத்தையும் இக்கட்டுரையிற் கூற விழைகின்றேன்.

முதலில் அம்மொழியின் அச்சு வரலாற்றைச் சுருங்கக் காண்போம். 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மைன்ஸ் நகரத்துக் குட்டன்பேர்க், வார்த்தெடுத்த உலோக எழுத்துக்களைக் கோத்து நூல் அச்சிடும் முறையை ஐரோப்பாவிலே நிலைநாட்டினார். உலகின் முதற் செய்தித்தாள் என்று அறிஞர் பலராற் கொள்ளப்படும் வார இதழை 1605இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் யோகான் கரோலுஸ் என்பவர் ஜேர்மன் மொழியிலேயே வெளியிட்டார். 1650இல் லைப்சிக் நகரிலே நாளிதழ் தோன்றியது. அக்காலத்தில் ஜேர்மனி என ஓர் அரசு இருந்ததில்லை. சிறியனவும் பெரியனவுமாகிய பல நாடுகள் இருந்தன. அரசுகள் பலவாயினும் மொழி ஒன்றாயிருந்தமையாற் புத்தக வணிகமும் ஒன்றாயிருந்தது. பிராங்பேர்ட்டிலும் லைப்சிக்கிலும் ஆண்டுதோறும் கூடிய புத்தகச் சந்தைகள், எல்லைகள் பலவற்றைக் கடந்து ஒரு மொழியின் வாசகரை ஒன்றுசேர்த்தன. தமிழகம், ஈழம், மலேசியா, சிங்கப்பூர் எனப் பல நாடுகளிற் பிரிந்து வாழும் தமிழர் இச்செய்தியை ஊன்றிக் கருதுதல் வேண்டும்.

இனித் தமிழோடு அவ்வச்சுக்கு நேர்ந்த உறவைக் காண்போம். தமிழ் நூல் முதன்முதல் அச்சேறியது ஜேர்மானியரால் அன்று. போர்த்துக்கேயர் காலத்திலே, 1578இல், கொல்லத்தில் அச்சிடப்பெற்ற தம்பிரான் வணக்கம் தமிழெழுத்தில் நமக்குக் கிடைக்கும் முதல் அச்சு நூலாகும். ஆயினும் அம்முயற்சி நெடுங்காலம் தொடரவில்லை. 1706ஆம் ஆண்டு யூலை மாதம் டென்மார்க்கு அரசின் ஆதரவிலே தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, புளுச்சோ என்னும் இரு ஜேர்மானியப் பாதிரிமாரின் வருகையோடு இரண்டாவது காலம் தொடங்கிற்று. அவர்க்குப் பின்னணியாய் நின்றது ஹாலே நகரிலே பிராங்கே என்பார் நிறுவிய அநாதை இல்லம். பள்ளிக்கூடம், மருந்துச்சாலை, அச்சுக்கூடம், புத்தகக்கடை எல்லாம் அவ்வில்லத்தில் ஒருங்கே அமைந்திருந்தன.

தமிழெழுத்துக்கள் ஹாலேயிலே வார்க்கப்பட்டுக் கப்பலேறி 1713இல் தரங்கம்பாடியை அடைந்தன. அவை அளவிற் பெரியனவாயிருந்தமையாற் காகிதத்தை மிகுதியாக விழுங்கின. ஆதலின் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்கள் வார்க்கப்பட்டன. புதிய ஏற்பாடு 1714, 1715 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதியாய் வெளிவந்தது. காகிதத்துக்கு ஐரோப்பாவையே நம்பியிருத்தல் இயலாது எனக் கண்டு பக்கத்திலுள்ள பொறையாற்றிலே காகித ஆலை ஒன்றும் தொடங்கினர். எழுத்து, மை, காகிதம், வாசகர் என்ற நான்கும் ஓரிடத்தே கூடினாலன்றி அச்சு நிலைபெறாது என்பதை அவர் நன்கறிந்திருந்தனர். சீகன்பால்கு இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் அச்சேறிற்று. ஐரோப்பிய மண்ணில், தமிழெழுத்தோடு கூடிய தமிழிலக்கணம் ஒன்று அங்ஙனம் உருவாயிற்று.

இவையெல்லாம் இலக்கிய வரலாற்று நூல்களிற் காணப்படுவனவே. நான் வற்புறுத்த விரும்புவன வேறு இரண்டு.

ஒன்று, 1708இல் சீகன்பால்கு எழுதிய நூற்பட்டியல். வந்து இரண்டே ஆண்டுகளில் அவர் தாம் திரட்டிய தமிழ் ஏடுகளுக்கு ஜேர்மன் மொழியில் ஒரு பட்டியல் வகுத்தார். சைவரும் வைணவரும் சமணரும் பிறரும் இயற்றிய 119 நூல்கள் அதிலே இடம்பெற்றன. பெயரை மட்டும் எழுதி வைத்தாரல்லர். நூல் எதைப்பற்றியது, யார் அதனைப் படிக்கின்றனர், பள்ளிக்கூடத்தில் வழங்குவதா, கிடைத்தற்கரியதா என்றெல்லாம் குறித்தார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் காவிரிக் கழிமுகத்து ஊரொன்றிலே மக்கள் உண்மையில் எந்நூல்களைக் கையாண்டனர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது. நம் உரையாசிரியர் நூலின் பொருளைக் கூறினர். நூல் எவர் வீட்டில் எந்நிலையில் இருந்தது என்பதை அவர் எழுதும் வழக்கமில்லை. அவ்வழக்கத்தை ஓர் அயலவர் ஏற்படுத்தினார். அவர்க்கு எழுத்தறிவித்தவரோ தமிழ் உபாத்தியாயர் ஒருவர். சிறுபிள்ளைகளோடு மணலில் இருந்து அவர் தமிழெழுத்துக் கற்றார். எனவே அப்பட்டியலின் புகழிற் பாதி அத்திண்ணைப்பள்ளி ஆசிரியர்க்கும் உரியது.

மற்றொன்று, ஹாலே அறிக்கைகள். தரங்கம்பாடியிலிருந்து சென்ற கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் ஹாலே அச்சுக்கூடம் 1710 தொடங்கி 1772 வரை தொடர்ச்சியாகப் பகுதி பகுதியாய் வெளியிட்டது. ஜேர்மன் வாசகர் காசு கொடுத்து அதனை வாங்கிப் படித்தனர். அறச்சிந்தையுடையோர் அதனைப் படித்துப் பொருளுதவி செய்தனர். அக்காசு மீண்டும் கப்பலேறிக் காகிதமாகவும் எழுத்தாகவும் தரங்கம்பாடிக்கு வந்தது. பத்திரிகை என்பது வெறும் செய்தியன்று, ஒரு பணிக்கு உயிரோட்டம் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

அவ்வறிக்கைகளுள்ளே நம் நெஞ்சைத் தொடுவது ஒன்றுண்டு. பாதிரிமார் தமிழரிடம் வினாக்கள் பல எழுதிக் கேட்டனர். கடவுள் யார், கல்வி எத்தகையது, திருமணம் எவ்வாறு நிகழ்கின்றது, கிறித்தவரைப்பற்றி நீவிர் யாது நினைக்கின்றீர் என்பன போல்வன அவ்வினாக்கள். தமிழர் தமிழில் விடை எழுதினர். ஏறக்குறைய நூறு கடிதங்கள் ஜேர்மனிற் பெயர்க்கப்பட்டு 1714இலும் 1717இலும் ஹாலேயில் அச்சாயின. அவற்றுட் பல, சீகன்பால்குவுக்குத் துபாசியாயிருந்த அழகப்பன் எழுதியனவாதல் கூடும் என ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். 1998இல் கூர்ட் லீபவ் என்னும் அறிஞர் அக்கடிதங்களைத் திரும்பவும் பதிப்பித்தார். இன்று அவற்றைப் படிக்க விரும்புவார்க்குத் துணை ஜேர்மன் வடிவமே. அன்பர்களே, ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தே வாழ்ந்த சாதாரணத் தமிழர் தம்மைப்பற்றித் தாமே உரைநடையிற் கூறிய சொற்கள்! அரசர் மெய்க்கீர்த்தி அல்ல, புலவர் பிரபந்தம் அல்ல. வீட்டுத் திண்ணையிற் பேசுவார் பேச்சு. அதனை அறிவதற்கு நாம் ஜேர்மன் மொழியின் கதவைத் தட்டவேண்டியிருக்கின்றது. எம் பண்டித வகுப்பு மாணவர்க்கு இக்கடிதங்கள் உண்டென்ற செய்தியே புதிது.

ஆனால் அவ்வச்சுக்கூடத்தின் கதவு எல்லார்க்கும் எப்பொழுதும் திறந்திருந்ததாகக் கருதுதல் தவறு. சீகன்பால்கு 1711இல் தமிழர் சமயத்தைப்பற்றிப் பெருநூல் ஒன்றெழுதினார். 1713இல் தென்னாட்டுத் தெய்வங்களின் பரம்பரையைப்பற்றி மற்றொரு நூலெழுதி ஹாலேக்கு அனுப்பினார். பிராங்கே அதனை அச்சிட உடன்படவில்லை. அஞ்ஞானத்தை ஒழிப்பதற்கு அனுப்பப்பட்டவர் அதனை ஐரோப்பாவிற் பரப்புதல் தகுமோ என்பது அவர் கருத்து. தெய்வங்களின் பரம்பரை 1867இல் வில்கெல்ம் ஜெர்மன் என்பவராற் சென்னையில் அச்சிடப்பட்டது. எழுதப்பட்டு 154 ஆண்டுகளின் பின். பெருநூலோ 1926இல், 215 ஆண்டுகளின் பின், ஆம்ஸ்டர்டாமிற் கலாண்ட் என்னும் அறிஞரால் வெளிவந்தது. 1708ஆம் ஆண்டுப் பட்டியலும் 1880இலேதான் அச்சு வடிவம் பெற்றது.

இவ்வரலாறு இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றது. அச்சுக்கூடம் உடையவன் எதனை அச்சிடுவது என்று தீர்மானிக்கின்றான். பிறன் அச்சுக்கூடத்தை நம்பியிருப்போன் அத்தீர்மானத்துக்கு அடங்கவேண்டியவனாகின்றான். இஃது ஒன்று. மறுக்கப்பட்ட கையெழுத்துப்படியையும் கிழித்தெறியாது ஹாலேயிலே பாதுகாத்து வைத்தனர். இது மற்றொன்று. அச்சிட மனமில்லாதவரும் ஏட்டைக் காத்தனர். காத்தமையாலன்றோ இருநூறு ஆண்டு கழித்தும் அச்சேற முடிந்தது?

பின்வந்த ஜேர்மன் பதிப்பாளர் அத்தயக்கத்தை விட்டனர். 1803இல் நூரன்பேர்க் நகரிலே தரங்கம்பாடிப் பாதிரியார் கெமரர் என்பவரின் திருக்குறள் மொழிபெயர்ப்பு ஜேர்மனில் வெளிவந்தது. திருக்குறள் தமிழில் அச்சேறியதோ 1812இல். வள்ளுவர் தம் மொழியில் அச்சேறுவதற்கு ஒன்பது ஆண்டு முன்னரே ஜேர்மனில் அச்சேறிவிட்டார் என்பது நம்மை மகிழ்விக்கும் செய்தியா, நாணச்செய்யும் செய்தியா என்பதைப் படிப்போரே தெளிக. அதன்பின் கார்ல் கிரௌல் என்னும் பேரறிஞர் 1854 முதல் 1865 வரை லைப்சிக்கில் நான்கு தொகுதிகளாகத் தமிழ் நூல் வரிசை ஒன்றை வெளியிட்டார். கைவல்லிய நவநீதமும் திருக்குறளும் அவற்றிலே இடம்பெற்றன. இறுதித் தொகுதி அவர் மறைந்தபின் வெளிவந்தது. 20ஆம் நூற்றாண்டிலே சோமேறுஸ் என்பவர் சைவசித்தாந்தத்தைப்பற்றி 1912இல் ஒரு விரிநூல் எழுதினார். மாணிக்கவாசகரின் திருவாசகத்தை ஜேர்மனிற் பெயர்த்து 1923இல் யேனா நகரிற் பதிப்பித்தார். ஒரு காலத்தில் அச்சிட மறுக்கப்பட்ட சமயத்தின் பாசுரங்கள், அதே மொழியில் அழகிய நூலாய் விற்பனைக்கு வந்தன.

இங்கே இருசாராரின் தடைகளுக்கு விடை கூறுதல் கடமை. ஒருசாரார், இவையனைத்தும் மதமாற்றம் கருதிச் செய்தவை, அவற்றை நாம் ஏன் பாராட்டுதல் வேண்டும் என்பர். நோக்கத்தை மறைக்க வேண்டியதில்லை. அவர்களே அதனை மறைக்கவில்லை. ஆயினும் நோக்கம் வேறு, விளைவு வேறு. நாவலர் பெருமான் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவியவர். அச்சின் ஆற்றலை அங்கே கண்டார். கண்டபின் அச்சியந்திரத்தைச் சென்னையிலிருந்து கொணர்ந்து 1849இல் வண்ணார்பண்ணையிலே நிறுவிச் சைவத்துக்கும் தமிழுக்கும் பயன்படுத்தினார். பகைவன் கைப்படைக்கலத்தையும் பார்த்தறிதல் அறிவுடையார் செயல். மற்றொருசாரார், ஐரோப்பியர் வந்திராவிட்டால் தமிழே அழிந்திருக்கும் என்பதுபோற் பேசுவர். இதுவும் பொருந்தாது. சீகன்பால்கு திரட்டிய ஏடுகளை எழுதியோரும் காத்தோரும் கற்பித்தோரும் தமிழரே. அவர்க்குக் கிடைத்தது கருவி. நமக்கு இருந்தது செல்வம். ஒன்றை மற்றொன்றாக மயங்குதல் கூடாது.

நம் நாட்டிலே சிங்கள அறிஞர் செய்த செயல் நமக்கு வழிகாட்டியாகும். வில்கெல்ம் கைகர் என்னும் ஜேர்மானியப் பேராசிரியர் மகாவம்சத்தைப் பதிப்பித்தார். சிங்கள மொழியின் வரலாற்றைப்பற்றி ஜேர்மனில் எழுதினார். சிங்கள மொழி வரலாறு பேசுவோர் அவர் பெயரைக் கூறாது செல்வதில்லை. கிரௌலின் பெயரை நம் பள்ளிக்கூடங்களில் எத்தனை ஆசிரியர் கூறுகின்றனர்?

இனி எம் பிரதேசத்துக்கு வருகின்றேன். மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வழங்கிய ஏடுகள் பல. கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது பாடப்படும் வழக்குரை, குளிர்த்திப் பாடல்கள், வடமோடி தென்மோடிக் கூத்து ஏடுகள், பரிசாரிமாரின் வாகடங்கள், கோயில் முறைமையையும் குடிவழியையும் கூறும் கல்வெட்டு ஏடுகள் எனப் பலவகை. இவற்றுட் சில நற்பேறு பெற்றன. எவ். எக்ஸ். சி. நடராசா அவர்கள் 1962இல் மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்தார். வி. சீ. கந்தையா அவர்கள் 1964இல் மட்டக்களப்புத் தமிழகம் என்னும் நூலைத் தந்தார். கண்ணகி வழக்குரையையும் பதிப்பித்தார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்து ஏடுகளை அச்சுக்குக் கொணர்ந்தார். இவர்கள் செய்த பணி பெரிது. எஞ்சிய பணி அதனினும் பெரிது. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளின் யாழ் நூலே 1947இற் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தாரால், கடலுக்கு அப்பால், வெளியிடப்பட்டது. எம் தலைசிறந்த நூலுக்கும் எம் மண்ணிற் பதிப்பகம் அமையவில்லை.

1978ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சூறாவளி இப்பகுதியைத் தாக்கியபோது நான் சிறுவன். தென்னைகள் வீழ்ந்த கணக்கை ஊரார் கூறினர். கூரை பறந்த வீடுகளின் கணக்கையும் கூறினர். இறப்பிற் செருகியிருந்த ஏடுகள் எத்தனை அழிந்தன என்ற கணக்கை ஒருவரும் கூறவில்லை. கூற இயலாது, ஏனெனில் எவை இருந்தன என்ற பட்டியலே இருந்ததில்லை. பின்னர்ப் போர் வந்தது, இடப்பெயர்வு வந்தது, 2004 டிசம்பரிற் கடல் எழுந்து வந்தது. அண்ணாவியார் ஒருவர் தம் வீட்டு ஏட்டைப்பற்றிக் கேட்டபோது, இருந்தது ஐயா என்று மட்டும் விடை கூறினார். அச்சொல்லில் அடங்கிய துயரத்தைப் பெரிய நூலிலும் காண்டல் அரிது. இருந்தது என்பதற்கும் சான்று அவர் வாய்மொழி ஒன்றே. அவரும் மறைந்தால் இழந்தோம் என்பதையும் அறியாது இழந்தவராவோம்.

அச்சின் அருமை இங்கேதான் விளங்குகின்றது. 1933 மே மாதம் 10ஆம் நாள் ஜேர்மன் பல்கலைக்கழக நகரங்களில் மாணவரே நூல்களைக் குவித்து எரித்தனர். குட்டன்பேர்க்கின் நாட்டிலே இக்கொடுமை நிகழ்ந்தது என்பதை மறத்தல் ஆகாது. கல்வி மிக்க நாடு என்ற பெயர் ஒன்றே நூலைக் காப்பதில்லை. 1943 டிசம்பரிற் குண்டுவீச்சினால் லைப்சிக்கின் பதிப்பகப் பகுதி எரிந்தது. எனினும் எரிந்த நூல்களின் பிற படிகள் வேறு நகரங்களிலும் வேறு நாடுகளிலும் இருந்தன. அவை மீண்டும் அச்சேறின. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் அச்சு நூல்கள் பலவற்றை மீண்டும் தேடிச் சேர்த்தல் கூடும். ஒற்றைப் பிரதியாய் இருந்த ஏடுகளை எங்கே தேடுவது? பல படியாய் உள்ளதை நெருப்பு முற்றும் வெல்வதில்லை. ஒரு படியாய் உள்ளதைக் கறையானும் வெல்லும்.

லைப்சிக் நகரிலே 1912இற் புத்தக வணிகரும் அரசினரும் நகரத்தாரும் ஒன்றுகூடி ஒரு நூலகத்தை நிறுவினர். 1913 சனவரி முதலாம் நாளிலிருந்து ஜேர்மன் மொழியில் எங்கு அச்சேறும் எந்நூலையும் அங்கே திரட்டி வைப்பது அதன் விதி. நூல் நல்லதா தீயதா என்று வினாவுவதில்லை, நாடு எது என்றும் வினாவுவதில்லை, மொழியே அளவுகோல். நம்மவரும் இத்திசையில் அடியெடுத்து வைத்துள்ளனர். சென்னையில் 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்மப் படிகளாக்கும் பணியை நூலகம் என்னும் அமைப்பு 2005இல் தொடங்கிற்று. இவை போற்றத்தக்கன. ஆயினும் கிராமத்து வீட்டுப் பெட்டியில் உள்ள ஏடு தானே நடந்து அவர்களிடம் செல்லாது. இருக்குமிடத்தை அறிவிப்பார் வேண்டும். அவ்வறிவிப்பார் யார்? பாடசாலை ஆசிரியரே என்பது என் விடை.

நான் வேண்டுவன மூன்று. முதலாவது, வாவியின் இருமருங்கும் உள்ள ஒவ்வொரு பாடசாலையிலும் தமிழாசிரியர் தலைமையில் ஒரு பட்டியற் கொப்பி தொடங்கப்படல் வேண்டும். ஏட்டின் பெயர், பொருள், ஓலைகளின் தொகை, எவர் வீட்டில் உள்ளது, எவர் படிக்க வல்லார், எச்சடங்கில் வழங்குவது என்ற ஆறு வினாக்களுக்கு விடை எழுதினாற் போதும். ஏட்டை உரியவரிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை, பெரும்பணமும் வேண்டியதில்லை. 1708இல் ஓர் இளைஞர் தனியாளாய்ச் செய்ததை நூறு பாடசாலைகள் கூடிச் செய்ய முடியாதெனக் கூறுதல் பழி. இரண்டாவது, பட்டியலிற் கண்டவற்றைப் படியெடுத்து, இருநூறு படியாயினும் அச்சிட்டு, ஒரே நகரில் வையாது பல நகரங்களுக்கும் அனுப்புதல் வேண்டும். விற்பனையை எண்ணி இதனைச் செய்தல் இயலாது. கோயில் அறங்காவலரும் பழைய மாணவர் சங்கத்தாரும் திருவிழாச் செலவில் ஒரு சிறு பங்கை இதற்கென ஒதுக்குதல் கூடும். மூன்றாவது, எம் மாணவருட் சிலராயினும் ஜேர்மன் மொழியை முறையாகக் கற்றல் வேண்டும். புலம்பெயர்ந்து அந்நாட்டில் வளரும் நம் பிள்ளைகள் அம்மொழியைத் தாய்மொழிபோற் பேசுகின்றனர். தமிழை அவர்க்குக் கற்பிக்கப் பெற்றோர் அரும்பாடுபடுகின்றனர். அப்பிள்ளைகளும் இங்குள்ள மாணவரும் சேர்ந்தால், ஹாலேயில் அச்சான தமிழர் கடிதங்களைத் திரும்பத் தமிழாக்கும் பணி கைகூடும். முந்நூறு ஆண்டு அயல்மொழியில் உறைந்த தமிழர் பேச்சு, தன் மொழிக்குத் திரும்பும்.

ஜேர்மானியரிடமிருந்து நாம் கடன்கொள்ள வேண்டியது அவர் சமயமன்று, அரசியலுமன்று. எழுதப்பட்டதை எண்ணி வைத்தலும், எண்ணி வைத்ததைக் காத்தலும், காத்ததைப் பலபடியாக்கலும் ஆகிய மூன்று பழக்கங்களையே. அடுத்த மாரிமழை வாவியை நிறைப்பதற்குள் முதற் கொப்பியின் முதற்பக்கமாயினும் எழுதப்படுமானால் அதுவே இக்கட்டுரைக்குப் போதிய பயன்.